மழையை மறைத்தவள்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர்கள் சிலர் பந்தலில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட கையோடு ஒருவர் ஆரம்பித்தார். "தலைமுறைங்கிறது பருவம் மாதிரி. ஒன்னு உதிரும், ஒன்னு துளிர்க்கும். அது பாட்டுக்கு நடக்கும். நாம என்ன செய்ய?" எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எனக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அங்கே சொன்னால் சண்டை வந்திருக்கும். சாப்பிட்ட வீட்டில் சண்டை போடக் கூடாது. அதனால் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்களே, நீங்களும் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில் பிறந்தவர்கள்தான், அந்த அடுப்புப் புகையைத்தான் குடித்தவர்கள். அப்படியிருந்தும் இவ்வளவு அழகாகப் பேச எப்படித்தான் வருகிறதோ! 'அது பாட்டுக்கு நடக்கும்' என்ற பேச்சை நான் ஒன்பது வயதில் கேட்டவள். யார் சொன்னார், எதற்குச் சொன்னார், அதற்குப் பிறகு எங்கள் அக்காவுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் தோட்டம் நமுனுகுலை மலையின் இடுப்பில் இருந்தது. பதுளையிலிருந்து அரிசியும் மாவும் ஏற்றிவரும் லொறி ஒன்றுதான் எங்களுக்கும் உலகத்துக்கும் தொடர்பு. பாடப் புத்தகத்தில் ஆறு பருவம் போட்டிருந்தது. இளவேனில், முதுவேனில் என்று பாடி ஒப்பிப்போம். எங்கள் மலையில் இருந்ததோ இரண்டே காலம். ஒன்று மழை, மற்றது காற்று. ஆடியில் தொடங்கும் அந்தக் காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈரம் என்று பேருக்குக்கூட இருக்காது. உதடு வெடிக்கும், தகரக் கூரை இரவும் பகலும் பல்லைக் கடிக்கும், கண்ணுக்குள் மண் கரகரக்கும். மலையிலிருந்து தகரக் குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்து நூலாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில்தான் எங்கள் தேயிலைக்கு மணம் ஏறும். காய்ந்த காற்று இலைக்குள் என்னவோ செய்யும். வெள்ளைக்காரர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்று எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி பெருமையோடு சொல்வார். நாங்கள் தொண்டை வறண்டு கிடந்தால்தான் அவர்கள் தேநீர் ருசிக்கும். கொழுந்து குறைவாகத்தான் வரும். ஆனால் ஒரு கிள்ளு விடாமல் எடுக்க வேண்டும். அதனால் நிறையக் கைகள் வேண்டியிருக்கும்.

அந்தக் கைகள் எங்கிருந்து வரும்? எங்களில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வயதை உடம்பைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒரு பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால் பேர் பதியலாம். சடங்கு முடிந்த கையோடு தோட்டக் கணக்கில் அவள் பேர் ஏறும். அடுத்த நாள் விடியும்போது ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பாள், முதுகில் கூடையோடு. எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் பேர் பதிந்தார்கள். அம்மாவைப் பெற்றவளுக்கும் அப்படித்தான். இரண்டு பேருமே அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ரத்தத்தைக் காட்டித்தான் வேலைக்குச் சேர வேண்டும் என்பது என்ன மாதிரி ஏற்பாடு என்று அந்த மலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்கு மட்டும் தோன்றியது.

அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஆனால் பதுளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் பரீட்சை வைத்து, தேறிய பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பார்கள். எங்கள் வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வருடம் மூன்று பிள்ளைகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். முதல் பேர் அக்காவுடையது. "இந்தப் பிள்ளை போனால் திரும்பி வராது. அப்பிடி ஒரு மூளை" என்று அப்பாவிடமே சொன்னார். பரீட்சை புரட்டாசியில்.

அக்கா மாசி மாதமே பெரியவளாகிவிட்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சவுக்கு மரத்தடியில் என்னை நிறுத்திச் சொன்னாள். எனக்கு முழுதாகப் புரியவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் மட்டும் வாய்ப்பாடு சொல்வதுபோல் தெளிவாக இருந்தது.

"யார்ட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா கூடையத் தூக்கிக் குடுத்துருவாங்க. புரட்டாசி வரைக்கும் மறச்சாப் போதும்."

"சாமி கண்ணக் குத்தாதா?"

"குத்துனா என் கண்ணத்தான குத்தும்? ஒனக்கென்ன."

அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் துணி வைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் மலையில் இருக்கும் நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர் குடிக்க என்று சொல்லி ஓடிவந்து பீலியில் துவைப்பாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று, மடித்தால் மடித்தபடி நிற்கும். அதைப் பெட்டியிலிருந்து உரித்தெடுத்து நாங்கள் கிரீடம் செய்து விளையாடுவோம். அக்கா தன் துணியை அந்தத் தாளில் சுற்றி, வாடை வெளியே வராமல், விறகு அடுக்குக்குள் சொருகி வைப்பாள். அந்த ஈயத்தாளை இப்போது எங்கேயும் பார்க்க முடிவதில்லை. பார்க்காததே நல்லது.

இப்படி மாசி, பங்குனி, சித்திரை என்று ஒவ்வொரு மாதமும் கழிந்தது. ஒரே ஒரு காம்பரா, அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே நான்கு பேர் படுக்கை. அதில் ஒரு பெண் இதை மறைத்தாள் என்றால் அவளுக்கு எவ்வளவு சாமர்த்தியம் இருந்திருக்க வேண்டும்!

பிறகு காற்று வந்தது.

பீலி நூலானதும் அங்கே எந்த நேரமும் ஆள். கிழவிகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், குடத்துக்குக் காவல் உட்கார்ந்த குழந்தைகள். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை நடக்கும். அக்காவுக்குத் துவைக்க இடமில்லாமல் போனது. லயத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் ஓடும் ஓடை வற்றி அதில் ஒரு குட்டை மட்டும் தேங்கியிருந்தது. மாடு இறங்கிக் கலக்கிய தண்ணீர். மேலே பச்சையாக ஏடு படிந்திருக்கும். விலக்கினால் அழுகல் வாடை மூக்கில் ஏறும். லயத்துக் கழிவெல்லாம் மழைநாளில் அந்த வழியாகத்தான் இறங்கும். அதில் போய் அவள் துவைத்தாள். நான் மேலே நின்று யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன்.

"மூக்கப் பொத்திக்க" என்பாள். "தவக்களையப் பத்திப் பரீட்சையில கேட்டா எனக்கு முழு மார்க்கு. எத்தனைய நேர்ல பாத்துட்டேன்."

சிரிப்போம். அந்த வாடையில் நின்றுகொண்டு எப்படிச் சிரித்தோம் என்று இப்போது தெரியவில்லை.

துவைத்ததைக் குட்டைக்கு மேலே கவ்வாத்து வெட்டிய மலையில், மொட்டையாக நின்ற தேயிலைச் செடிகளுக்கு அடியில் விரித்து, கல் வைத்துவிட்டு வருவாள். அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க யாரும் வர மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையில் காய்ந்த மிலாறு கிடக்கும். அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மிலாறு பொறுக்க அங்கே போனாள். தன் சேலையின் சிவப்புக் கரையைச் செடிக்கடியில் பார்த்தாள்.

அந்தத் துணி அம்மா கையில் வருவதைப் பார்த்ததும் அடி விழும் என்று நினைத்தேன். அடி விழவில்லை. அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, லயத்து வாசலில் நின்று, விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்! அவள் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒவ்வொரு காம்பராவாகக் கதவு திறந்தது. லயமே குலவையிட்டது. அக்கா முன்திண்ணையான இஸ்தோப்பில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த குச்சியைக் கீழே வைக்கவே இல்லை.

பரீட்சைக்கு இன்னும் ஏழே நாள்.

"என்ன இன்னைக்கித்தான் வந்த மாதிரி கத்துறீங்க?" என்றாள். "நான் மாசியிலயே ஆயிட்டேன். தீட்டெல்லாம் எப்பவோ போயிருச்சு. குடிசயும் வேணாம், ஒன்னும் வேணாம்."

அவள் அதைச் சொன்னது பதினாறு நாள் குடிசைக்குள் உட்காராமல் தப்பிக்கத்தான். நியாயமான வாதம். படித்த பிள்ளையின் வாதம். ஆனால் அதுவே அவளுக்கு வினையாக வந்து விடிந்தது. குலவை நின்றுவிட்டது. பக்கத்துக் காம்பரா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மாசியிலயா? அடிப்பாவி! அன்னையிலருந்து அடுப்புல கை வச்ச, கோயிலுக்கு வெளக்கெடுத்துட்டுப் போன, பீலியில குடம் வச்ச…" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "அதான் பீலி வத்திப் போச்சு! பொண்ணு பருவத்த மறச்சா வானம் மழைய மறைக்காதா?"

ஒருவராவது சிரிப்பார்கள் என்று நான் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. காற்று வருடா வருடம் ஆடியில் வரும், பீலி வருடா வருடம் வற்றும். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். தெரிந்தும் எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள், குடத்தைத் திருடியவளைப் பார்ப்பதுபோல். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து இருமினார்.

"இப்ப என்னங்க கணக்கு? எந்த நாளத் தொடக்கமா வைக்கிறது?" என்று அம்மா கேட்டாள்.

"நாம பாத்த அன்னைக்கித்தான் கணக்கு" என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். "அவ உடம்புக்கு என்ன தெரியும்?"

அன்று மாலையே இஸ்தோப்பின் மூலையில் சவுக்குக் கொப்பு ஒடித்துக் குடிசை கட்டி, அக்காவை உள்ளே உட்காரவைத்தார்கள். தட்டு தனி, குவளை தனி. புத்தகம் கூடாது. புத்தகத்தில் சரஸ்வதி இருக்கிறாளாம், தீட்டுப் பட்டுவிடுமாம். அவள் சிலேட்டை அத்தையே பிடுங்கி எடுத்துப் போனாள்.

அடுத்த நாள் பெரிய கங்காணி வந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, காதில் கடுக்கன், கக்கத்தில் குடை. அவரோடு சுருட்டு நாற்றமும் வந்து காம்பராவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் படியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். குடிசையைப் பார்த்தே பேசினார்.

"கேட்டுக்க புள்ள. ஆடியில காத்து, ஐப்பசியில மழ. கவ்வாத்து வெட்டுனா கொழுந்து வரும். ஆத்தா கை தளந்தா மக கை வரும். இது யாரும் செய்யிறதில்ல, அது பாட்டுக்கு நடக்குது. நம்ம தோட்டத்து ஆளுகளுக்கு ஓட்டு இருந்துச்சு, இப்ப இல்ல. அதுவும் அப்படித்தான். எல உதுந்தா மரம் அழுவுதா?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

குடிசைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒங்க மகன் பேர எப்பங்க பதிவீங்க? அவனுக்கும்தான் மீச அரும்புது."

கங்காணியின் மகன் அக்காவின் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது வருடமாக உட்கார்ந்திருந்தான். இஸ்தோப்பில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். அம்மா ஓடிப்போய்க் கொப்புக்கு மேலாகவே ஓர் அறை விட்டாள். அது அக்கா மேல் விழுந்ததா, சவுக்குத் தழை மேல் விழுந்ததா தெரியாது.

கங்காணி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட எனக்கு அவர்மேல் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. சிரித்தார். "அது வேற மரம், புள்ள" என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "சடங்கப் பெருசா வைங்க. மழைக்கும் ஒரு பரிகாரமா இருக்கும். மூணு பேர் மலைக்குப் போற குடும்பத்துக்குத்தான் கோடிக் காம்பரா. அத ஒங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கோடிக் காம்பரா என்றால் லயத்தின் கடைசி அறை. அதற்கு மட்டும் ஒரு ஜன்னல் உண்டு. அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் அக்கா இல்லை. ஜன்னல் இருந்தது.

அக்கா விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போகும்போது குடிசைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள். "வாத்தியார்கிட்டப் போய்ச் சொல்லு. மழ கடல்லருந்து வருதுன்னு சொல்லிக் குடுத்தாருல்ல, அத வந்து இங்க சொல்லச் சொல்லு. அவரு சொன்னா கேப்பாங்க."

சொன்னேன். அவரும் வந்தார். அவர் வெள்ளை வேட்டியோடு லயத்துப் பாதையில் வருவதைப் பார்த்ததும் என் நெஞ்சு துள்ளியது. பெரிய கங்காணி எங்கிருந்தோ ஒரு நாற்காலி வரவழைத்துப் போட்டார். அம்மா தேநீர் கொடுத்தாள், உளுந்தங்களி கொடுத்தாள். வாத்தியார் களியை விரலால் உருட்டி, நல்லெண்ணெய் வழிய வழிய, ரசித்துச் சாப்பிட்டார். குடிசைக்குள் அக்கா மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தாள்.

"சார், பொண்ணு ஏதோ பரீட்சங்குது" என்றார் கங்காணி.

வாத்தியார் விரலைத் துடைத்தார். "என்ன செய்யிறது? அது இயற்கைதானே. அவையவையின்ர வழக்கத்தில நாங்கள் தலையிடக் கூடாது."

"வாத்தியார்!" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "மழ எங்கருந்து சார் வருது?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, பாடம் வேற, வீடு வேற. அடுத்த வருஷம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டினார். அடுத்த வருடம் என்று ஒன்று அக்காவுக்கு இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பத்து வருடம் அந்த மனிதர் எங்கள் தோட்டத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார்.

பரீட்சைக்கு லொறி போன காலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் திருப்பத்தில் ஹோர்ன் அடித்தது. சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. அக்காவின் இடத்தில் கங்காணியின் மகன் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். அவன் என்ன எழுதினானோ எனக்குத் தெரியாது. தை மாதம் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். லொறி போன அன்று மாலை குடிசைக்குள் எட்டிப் பார்த்தேன். சவுக்கு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, மண்ணில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

சடங்கு. இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது.

காற்றுக்காலம் முழுவதும் தண்ணீருக்காக எங்கள் ஆட்கள் பெரிய துரையின் பங்களா வாசல் வரைக்கும் போய் நின்றிருக்கிறார்கள். ஃபாக்டரித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஒரு பீப்பாய் கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கே போதவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். லயத்துக் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்தபோதும் அதே பதில்தான். சடங்கன்று என்ன நடந்தது தெரியுமா? பெரிய கங்காணி சொல்லிவைத்து, ஃபாக்டரி லொறியிலேயே இரண்டு பீப்பாய் தண்ணீர் வந்து இறங்கியது! புதிதாக ஒரு ஜோடிக் கை மலைக்கு வருகிறது, அதைக் கழுவித் தர வேண்டாமா?

மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து, பெண்கள் மாறி மாறி அக்காவின் தலையில் ஊற்றினார்கள். அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். காற்றில் ஈரத்தோடு உடம்பு உதறியது. பல் கிட்டியது. கண்ணை மட்டும் மூடவே இல்லை. ஊற்றிய தண்ணீர் வாசல் சாக்கடைக் கானில் மஞ்சளாக ஓடியது. அந்தக் கானுக்குப் பக்கத்தில் லயத்துப் பிள்ளைகள் தகர டப்பாவோடு குந்தியிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை, பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், சிரட்டையால் அள்ளி மடக்மடக்கென்று குடித்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "குடிக்கட்டும், மங்களத் தண்ணி" என்றாள்.

என் வயதுக்காரர்களே, 'அந்தக் காலத்துச் சடங்கின் அழகே தனி' என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்தச் சிரட்டைதான் தெரிகிறது.

ஐப்பசியில் மழை வந்தது. ஐப்பசியில் வராமல் வேறு எப்போது வரும்? ஆனால் அத்தை நனைந்துகொண்டே வாசலில் நின்று கும்பிட்டாள். "பாத்தீங்களா, சடங்கு செஞ்சோம், வந்துருச்சு!" பீலி நிரம்பியது. பெரிய கங்காணிக்கு நல்ல பேர். கவ்வாத்து வெட்டிய மலையில் சிவப்பாகத் துளிர் கிளம்பியது. அக்கா அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். தலையில் நனைந்த கம்பளி, இடுப்பில் சாக்கு, காலில் அட்டை. முதல் நாள் வந்து கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. அன்றைக்கு இரவு சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியாமல், தட்டில் வாயை வைத்துச் சாப்பிட்டாள்.

கோடிக் காம்பராவும் கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. குடிபோன அன்று அம்மா ஜன்னலைத் திறந்தாள். நேர் எதிரே துரையின் மாட்டுக் கொட்டிலுக்கான சாணக் குழி. ஈ மேகம்போல் உள்ளே வந்தது. அப்பா பலகை வைத்து ஜன்னலை ஆணியடித்து மூடினார். ஒரு பிள்ளையைக் கொடுத்து வாங்கிய ஜன்னலைத் திறந்த நாளிலேயே மூடினோம்.

மூன்று வருடம் போனது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். நானும் படிப்பில் மோசமில்லை. ஆனால் அக்கா அளவுக்கு இல்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளது அப்படித்தான். ஒரு விடிகாலை, பெரட்டுக்குப் போகுமுன் அக்கா என்னைத் தட்டி எழுப்பினாள். அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. பாயச் சுருட்டு. வாயத் தொறக்காத" என்றாள் காதோடு.

"அக்கா, வயிறு…"

"தெரியும். எனக்கும் வந்ததுதான்."

என் பாவாடையைச் சுருட்டித் தன் துணியோடு சேர்த்துக்கொண்டாள். அன்று மாலை பீலியில், அத்தை உட்பட லயத்துப் பெண்கள் எல்லோரும் பார்க்க, சத்தமாகக் கல்லில் அடித்துத் துவைத்தாள். பேர் பதிந்த பெண், அவள் துணி அவள் துவைக்கிறாள், அதில் யார் என்ன கேட்பது? அவளுடைய நாளும் என்னுடைய நாளும் ஒன்றாக வராது. அதனால் மாதத்தில் இரண்டு தடவை துவைத்தாள். ஒருத்தி கேட்டபோது, "குளிர்ல நின்னு நின்னு எனக்கு உடம்பு கெட்டுப்போச்சுக்கா" என்று முகத்தைச் சுளித்துச் சொன்னாள். அதற்காக அவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கசப்பையும் மாதா மாதம் குடித்தாள்.

முதல் வருடம் பரீட்சையில் நான் தவறிவிட்டேன். இன்னொரு வருடம் மறைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் நான் நெட்டையாக வளர்ந்துவிட்டேன். லயத்தில் பேச்சு தொடங்கியது. பெரியவளாகவே ஆகாத பெண்ணுக்கு எங்கள் ஆட்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். இருசி. அதைச் சொல்லும்போது உதட்டைக் கோணுவார்கள்.

"என்னடி, ஒந்தங்கச்சி இன்னும் ஒக்காரலியே" என்று அத்தை பீலியில் வைத்துக் கேட்டாள். "இருசியா இருக்குமோ?"

"தெரியலயே அத்த" என்றாள் அக்கா. "மழைக்கே காரணம் கண்டுபிடிச்சவங்க நீங்க. இதையும் பாத்துச் சொல்லுங்க."

அம்மா எனக்காகக் காளியம்மனுக்குக் கறுப்புக் கோழி நேர்ந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அழுதாள். நான் போகிற பாதையில் கல்யாணப் பெண்களை ஒதுக்கி நிறுத்தினார்கள். அந்த அசிங்கத்தையெல்லாம் நான் தலையில் வாங்கிக்கொண்டு எட்டாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்தபடி போவேன். அந்த இரண்டு வருடமும் ஐப்பசியில் மழை பெய்தது. இரண்டாவது வருடம் மண் சரியும் அளவுக்குக் கொட்டியது. நான் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன். மழை மறையவில்லை. அதைப் பற்றி மட்டும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

தேறினேன். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாள். வெள்ளைச் சட்டை, தகரப் பெட்டி. லொறிக்கு நேரம் இருந்தது. பெரிய கங்காணி குடையோடு வந்தார். முன்பு துப்பியதுபோலவே இந்தப் படியிலும் துப்பினார். என் தலையில் கையை வைத்தார்.

"பாத்தியா? ஒரே செடியில ஒரு கெள மேல போவும், ஒரு கெள தாழப் போவும். காலம் வந்தா எல்லாம் தானா நடக்கும். அது இயற்கை."

எல்லாவற்றையும் அவர் தன் மரத்திலேயே கொண்டுபோய் ஒட்டிவிடுவார். அக்காவைப் பிடித்ததும் இயற்கை, நான் தப்பியதும் இயற்கை. அம்மா அவர் சொல்லச் சொல்லக் கைகூப்பித் தலையாட்டினாள். அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கயிறு அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது.

"தானா ஒன்னும் நடக்கலீங்க" என்றாள். "ரெண்டு வருஷம் நான் தொவச்சேன்."

"என்னத்தப் புள்ள?" என்றார் கங்காணி.

அக்கா கூடையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த இலையைத் தட்டினாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னை, என் நெஞ்சை, என் உயரத்தைப் பார்த்தாள். மறுபடியும் அக்காவைப் பார்த்தாள். கங்காணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் கூப்பிய கை மெதுவாகப் பிரிந்து கீழே இறங்கியது.